கவனிப்பா, பட்டுவாடாவா, லஞ்சமா? தேர்தல் தில்லுமுல்லுக்கு எந்தச் சொல்

தேர்தல் நேரத்தில் நீலகிரியிலிருந்து செய்தி எழுதுகிறவனுக்குத் தகவல் கிடைப்பது பெரிய காரியமில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் எல்லாம் காதில் விழும். விழுந்ததை எந்தச் சொல்லில் எழுதுவது என்பதில்தான் இழுபறி. ஒரே சம்பவத்துக்கு டீக்கடையில் ஒரு சொல், சட்டப் புத்தகத்தில் ஒரு சொல், ஆங்கில சேனல் பார்த்துவிட்டுப் பேசும் சப் எடிட்டர் வாயில் இன்னொரு சொல். மூன்றும் ஒன்றையே சொல்வதுபோலத் தோன்றும். எழுதிப் பார்த்தால் ஒன்றில் கொடுத்தவர் காணாமல் போவார், இன்னொன்றில் வாங்கியவர், மற்றொன்றில் பணமே காணாமல் போகும்.

அதனால் இந்தச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். கேட்டுக்கொண்டது இரண்டே கேள்விதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் இருக்கும் அக்கா படித்தால் என்ன நடந்தது என்று புரியுமா? வக்கீல் நோட்டீஸ் வந்தால் அந்த வரி தாங்குமா?

பணத்தில் ஆரம்பிப்போம். சொல்வளம் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது.

‘கவனிப்பு’ என்பது மிக மரியாதையான சொல். “இந்த வாட்டி நல்லா கவனிச்சுட்டாங்கண்ணே” என்று ஒருவர் சொன்னால், மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன கதை என்றுகூட நினைக்கலாம். பணம் என்ற பேச்சே அதில் இல்லை. அரசியல்வாதிகளுக்கு இது பிடிப்பதில் ஆச்சரியமில்லை. செய்தியில் எழுத லாயக்கில்லை.

‘பட்டுவாடா’ விஷயம் வேறு. பத்திரிகைகள் எல்லாமே ‘பணப் பட்டுவாடா’ என்று எழுதுகின்றன, நானும் வருஷக்கணக்காக எழுதியிருக்கிறேன். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு வாழ்க்கை இருக்கிறது. தோட்டத்தில் பட்டுவாடா என்றால் சம்பளப் பட்டுவாடா. பறித்த இலைக்கும் நின்ற நாளுக்கும் கணக்குப் பார்த்து, பிடித்தம் போக, பெயர் கூப்பிட்டுக் கொடுப்பது. தபால் ஆபீஸிலும் தபால் பட்டுவாடாதான். உரியவருக்கு உரியதைச் சேர்ப்பது என்பதே அதன் பொருள். அப்படிப்பட்ட சொல்லைத் தூக்கி ஓட்டுக்குக் கொடுக்கும் நோட்டின் மேல் ஒட்டினால் என்ன ஆகும்? தேர்தலுக்கு முந்தின நாள் ஒரு லயனில் கேட்ட பேச்சு இது: “மேல் லயனுக்கு வந்துடுச்சாம், எங்க லயனுக்குத்தான் இன்னும் பட்டுவாடா ஆகலை.” குரலில் கூச்சமோ ரகசியமோ இல்லை. நிலுவைச் சம்பளத்தைக் கேட்கும் அதே கோபம். அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல் அப்படி. குற்றத்தைப் பாக்கியாக மாற்றிவிடுகிறது.

‘டோக்கன்’ அதன் தம்பி. 2017 டிசம்பரில் நடந்த ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் 20 ரூபாய் நோட்டையே டோக்கனாகக் கொடுத்து, ஜெயித்தபின் மீதியைத் தருவதாகச் சொன்னதாகப் புகார் கிளம்பியது. அதிலிருந்து ‘20 ரூபாய் டோக்கன்’ ஊரெல்லாம் பரவிவிட்டது. இங்கேயும் அதே சிக்கல்தான். ரேஷன் கடைப் பொங்கல் தொகுப்புக்கும் டோக்கன், ஆஸ்பத்திரி வரிசைக்கும் டோக்கன். காதுக்குப் பழகிய அரசாங்கச் சொல் அது. ஒன்று மட்டும் அதன் பக்கம் இருக்கிறது: எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்கிறது. முன்பணமாகக் கொஞ்சம், முடிவு வந்தபின் பாக்கி என்ற ஏற்பாட்டை வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது. அந்த ஏற்பாடு நடந்ததாகப் புகார் வந்தால் மட்டும் ‘டோக்கன்’ என்று எழுதலாம். மற்றபடி வேண்டாம்.

அப்புறம் ‘திருமங்கலம் பார்முலா’. 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலின் மிச்சம். கவரில் போட்டு, வீடு வாரியாக, பட்டியலோடு போவது என்ற திட்டமிட்ட முறைக்கு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இதோடு அமெரிக்காவின் ‘ஜெர்ரிமாண்டர்’ என்ற சொல்லை ஒப்பிட்டால் ஒரு விஷயம் உறுத்தும். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெர்ரி, தன் கட்சிக்கு வசதியாகத் தொகுதி எல்லைகளைக் கோணல்மாணலாக வரையும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி மாதிரிப் பிராணியைப் போல இருந்ததால் அவர் பெயரையும் அதையும் ஒட்டிக் கேலி செய்தது ஒரு பாஸ்டன் பத்திரிகை. இருநூறு வருஷம் கழித்தும் பழி அந்த ஆளுநர் தலையில்தான். நாமோ பழியை ஊர் தலையில் வைத்தோம். கவரைக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் பெயர் சொல்லில் இல்லை, அந்தத் தொகுதியில் ஓட்டு வைத்திருந்த பாவத்துக்கு ஓர் ஊரே மாட்டிக்கொண்டது. போதாததற்கு ‘பார்முலா’ என்று சேர்த்தது கெட்டிக்காரத்தனத்துக்குச் சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இந்தச் சொல்லை நான் விட்டுவிட்டேன்.

எதிர்ப்பக்கம் சட்டத்தின் சொல்: லஞ்சம், செந்தமிழில் எழுதினால் கையூட்டு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவில் முறைகேடான செயல்களின் பட்டியல் இருக்கிறது. முதல் இடம் இதற்குத்தான். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்திலும், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆவது பிரிவிலும் அப்படியே. சொல் கச்சிதம், கோர்ட்டில் நிற்கும். ஆனால் தமிழ் நாக்கில் லஞ்சம் என்பது தாலுகா ஆபீஸில் நாம் கொடுப்பது. அங்கே வாங்குகிறவர் அதிகாரி, கொடுப்பவர் கதியற்றவர். ஓட்டில் அது தலைகீழ். அதனால் “ஓட்டுக்கு லஞ்சம் வாங்கினேன்” என்று யார் வாயிலும் வராது. செய்தியில் ‘வாக்காளர்களுக்குக் கையூட்டு’ என்று போட்டால் அது வேறு எந்த ஊரிலோ நடந்த சங்கதி என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்கள்.

என் ஓட்டு ‘ஓட்டுக்குப் பணம்’ என்ற சாதாரணத் தொடருக்கு. எது, எதற்கு என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. கொடுத்ததாகவா, வாங்கியதாகவா என்று வினைச்சொல் போட்டே ஆகவேண்டும் என்பதால் ஆட்களும் தப்ப முடியாது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலை நிறுத்தினார்களே, 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5ஆம் தேதிக்குப் போனதே, அவற்றுக்கும் ‘பணப் பட்டுவாடா காரணமாக’ என்று எழுதுவதைவிட ‘ஓட்டுக்குப் பணம் கொடுத்த புகாரில்’ என்று எழுதினால் காரமாக இருக்கும்.

இதே கணக்கில் ‘பறிமுதல்’ பற்றியும் ஒரு வார்த்தை. தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோகிறவர் ஆவணம் காட்ட வேண்டும். பறக்கும் படை கல்லார், பர்லியார் வழியில் வண்டியை மறிக்கும். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு, காசை டவுசர் பையில் வைத்துக்கொண்டு மலையேறும் விவசாயியிடம் என்ன ஆவணம் இருக்கும்? மறுநாள் தலைப்பு: ‘ரூ.1.80 லட்சம் பறிமுதல்’. படிக்கிறவர் மனதில் அது ஓட்டுக்கான பணம் என்று முடிவாகிவிடும். கணக்குக் காட்டித் திரும்ப வாங்கிய செய்தி வராது, வந்தாலும் எட்டாம் பக்கம். ‘ஆவணம் இல்லாததால் நிறுத்திவைப்பு’ என்பது இரண்டு சொல் கூடுதல்தான். அந்த இடத்தை ஒதுக்க எந்த டெஸ்க்கும் லேசில் சம்மதிப்பதில்லை.

பிரியாணியும் குவார்ட்டரும் சட்டத்தில் தனி வகை என்பது பலருக்குத் தெரியாது. சாப்பாடு, குடி, கேளிக்கை ஆகியவற்றால் மயக்குவதும் லஞ்சம்தான். ஆனால் அதற்கு ஜெயில் கிடையாது, அபராதம் மட்டும். பணமாகக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. டீக்கடை மொழியும் அதே வேறுபாட்டைச் செய்கிறது: “காசு வாங்கினான்” என்பதில் ஒரு இளக்காரம் இருக்கும், “பிரியாணி சாப்பிட்டான்” என்பதில் சிரிப்புதான் இருக்கும். சட்டமும் டீக்கடையும் ஒத்துப்போகிற அரிய இடம். ‘பிரியாணி’ என்றே எழுதிவிடலாம்.

ஒத்தே போகாத இடம் ஜீப்.

சமவெளிக்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளிலும், அந்தப் பக்கம் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலும் வாக்குச்சாவடிக்கு நடப்பது என்றால் ஏற்றமும் இறக்கமுமாக நல்ல தூரம். முழங்கால் வலிக்கும் பாட்டியை ஏற்றிக்கொண்டு வர ஒரு கட்சிக்காரர் ஜீப் அனுப்புவார். எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குப் பெயர் ‘ஜீப் விடுவது’. “அவங்க ரெண்டு ஜீப் விட்டிருக்காங்க, நம்மாளு ஒண்ணுகூட விடலை” என்பது வேட்பாளர் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு. விட்டது குற்றமில்லை, விடாததுதான் குற்றம்! சட்டமோ 123ஆவது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவில், வேட்பாளர் தரப்பு வண்டி பிடித்து வாக்காளரை இலவசமாகச் சாவடிக்கு ஏற்றிவருவதை லஞ்சத்தோடு ஒரே பந்தியில் உட்காரவைக்கிறது. தேர்தலே செல்லாமல் போகக்கூடிய அளவு முறைகேடு அது.

இன்னும் படித்தால் வேடிக்கை. வாக்காளர்கள் தாங்களே காசு போட்டுச் சேர்ந்து வண்டி பிடித்தால் முறைகேடு ஆகாது. ஆனால் அந்த வண்டி இயந்திர சக்தியில் ஓடாததாக இருக்கவேண்டும் என்கிறது விதிவிலக்கு. மாட்டு வண்டியை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். மாட்டு வண்டி ஏறாத மலைக்கு வேறென்ன இருக்கிறது, ஊட்டி ஏரிக்கரையிலும் கொடைக்கானலிலும் டூரிஸ்டுகளை ஏற்றும் குதிரைதான். பாட்டிகள் நாலு பேர் பங்கு போட்டுக் குதிரையில் வந்தால் சட்டம் கையெடுத்துக் கும்பிடும். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து மினி பஸ்ஸில் வந்தாலும் சரிதான், பஸ் வந்தால்.

இதற்குச் சொல் தேர்வது கஷ்டம். ‘வாக்காளர்களைச் சட்டவிரோதமாக வாகனத்தில் அழைத்து வந்தனர்’ என்று எழுதினால் ஆளைக் கடத்திய மாதிரி இருக்கிறது. ‘ஜீப் விட்டார்கள்’ என்றால் தர்மம் செய்த மாதிரி இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது தாண்டியவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட வழி செய்தார்கள், அதனால் ‘பாட்டிக்காக’ என்ற சாக்கு கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. எழுபது வயதுப் பாட்டி இன்னும் நடந்துதான் வரவேண்டும். நான் ‘கட்சி ஜீப்பில் வந்தனர்’ என்று எழுதுகிறேன். யார் ஜீப் என்பது தெரிகிறது. குற்றமா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். இந்த ஒன்றில் மட்டும் என் அனுதாபம் சட்டத்தின் பக்கம் இல்லை.

‘கள்ள ஓட்டு’, ‘ஆள்மாறாட்டம்’ ஆகிய இரண்டில் பொதுவாகச் சட்டச் சொல்தான் துல்லியம் என்று நினைப்போம். இங்கே நாட்டுச் சொல் ஜெயிக்கிறது. ஒருவர் தன் பெயரிலேயே இரண்டாவது முறை ஓட்டுக் கேட்டு வந்தாலும் சட்டப்படி அது ஆள்மாறாட்டத்தில்தான் சேரும். ஆள் மாறவே இல்லையே! பிழைப்புக்குத் திருப்பூர் போய் அங்கேயும் பெயர் சேர்த்து, இங்கே தோட்டத்து முகவரியில் இருந்த பெயரையும் நீக்காமல் விட்டவர்கள் மலையில் நிறைய உண்டு. பெரும்பாலும் அசட்டைதான், சூழ்ச்சி இல்லை. பெயர் இரண்டு இடத்தில் இருப்பதைக் ‘கள்ள ஓட்டு’ என்று எழுதக்கூடாது, அது இரட்டைப் பதிவு மட்டும். இரண்டு இடத்திலும் பொத்தானை அமுக்கினால்தான் கள்ள ஓட்டு. இந்தக் கோட்டை டீக்கடையிலும் சரியாகவே போடுகிறார்கள், கட்சி அறிக்கைகளில்தான் போடுவதில்லை.

கள்ள ஓட்டால் ஏமாந்தவருக்கு உள்ள பரிகாரத்தின் பெயர்தான் பரிதாபம். “என் ஓட்டை யாரோ போட்டுட்டாங்க சார்” என்று வருபவர், தான் இன்னார் என்று நிரூபித்தால் அவருக்கு இயந்திரத்தில் இல்லாமல் வாக்குச் சீட்டில் வாக்களிக்க உரிமை உண்டு. அலுவலர்கள் வாயில் அது ‘டெண்டர் ஓட்டு’. ரோடு போடும் காண்ட்ராக்ட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பெரியவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தச் சீட்டு தனி உறையில் போய்விடும், வாக்கு எண்ணும் நாளில் எண்ண மாட்டார்கள், வழக்கு வந்து கோர்ட் கேட்டால்தான் வெளியே வரும். இதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. சாவடியில் உட்காரும் கட்சி முகவர் ஒருவர் வாக்காளரின் அடையாளத்தை ஆட்சேபிக்க வேண்டுமானால் இரண்டு ரூபாய் கட்டவேண்டும். அது ‘சேலஞ்ச் ஓட்டு’. இரண்டு ரூபாய்க்கு இவ்வளவு கம்பீரமான பெயர் வேறெங்கும் கிடைக்காது.

‘டம்மி’க்கு வருவோம். இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். பிரதான வேட்பாளர் மனு தள்ளுபடியானால் நிற்பதற்காக அதே கட்சி போடும் மாற்று வேட்பாளர் ஒருவர். அது முழுக்க நியாயம். சாவடிக்குள் கூடுதல் முகவர்கள் உட்காரவும் கூடுதல் வண்டிக்கு அனுமதி வாங்கவும் சுயேச்சையாக நிறுத்தப்படுபவர் இன்னொருவர். எதிரியின் பெயரையே கொண்டவரைத் தேடிப் பிடித்து நிறுத்துவது மூன்றாவது. 2024இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வத்தோடு இன்னும் சில ஓ.பன்னீர்செல்வங்கள் களத்தில் இருந்தார்களே, அந்த மாதிரி. மூவரையும் ‘டம்மி’ என்றே எழுதினால் முதலாமவருக்கு அநியாயம், மூன்றாமவருக்குச் சலுகை.

கூடலூர்ப் பக்கம் மலையாளம் கலந்த பேச்சு. அங்கே மூன்றாம் வகைக்கு மட்டும் ‘அபரன்’ என்று தனிச் சொல் உண்டு. கேரளத்தில் இது பழைய ஆயுதம். 2004 மக்களவைத் தேர்தலில் ஆலப்புழையில் காங்கிரஸின் வி.எம்.சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். வி.எஸ்.சுதீரன் என்ற பெயரில் நின்ற சுயேச்சை வாங்கிய ஓட்டு அந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு. வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் படம் போட ஆரம்பித்தது 2015இல்தான், அதற்கு இந்தக் குழப்பமும் காரணம். தமிழில் ‘பெயர் டம்மி’ என்று சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ‘அபரன்’ என்றே கடன் வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. எல்லை தாண்டி நேந்திரங்காய் வரும்போது ஒரு சொல் வந்தால் என்ன?

‘உள்ளடி’ எனக்குப் பிடித்த சொல், எழுதப் பயப்படும் சொல்லும்கூட. ‘உள்குத்து’ கொஞ்சம் சினிமாத்தனம். ‘நாசவேலை’ என்றால் குண்டு வைத்த மாதிரி. சொந்தக் கட்சிக்காரனே காலை வாரிவிடுவதை ‘உள்ளடி’ அளவுக்குச் சொல்ல வேறு சொல் இல்லை. அமெரிக்கர்கள், அதிபர் நிக்சன் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழல் காலத்துத் தில்லுமுல்லுகளுக்கு எலியை வைத்து ஒரு கெட்ட வார்த்தை வைத்திருக்கிறார்கள், குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. தவிர, அது எதிர்க்கட்சிக்குள் ஊடுருவிக் கெடுப்பது. நம் உள்ளடி உறவுக்குள் நடப்பது.

சிக்கல் என்னவென்றால் ‘உள்ளடி’ ஊகத்தில் வாழும் சொல். 2014இல் நீலகிரி மக்களவைத் தொகுதியில் பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியானது. கட்சியின் அங்கீகாரப் படிவம் உரிய நேரத்துக்குள் போய்ச் சேரவில்லை. இந்த மாதிரி ஒன்று நடந்தால் ‘உள்ளடி’ என்ற சொல் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். பதிவில் இருப்பதோ படிவமும் கடிகாரமும் மட்டும். அந்தத் தேர்தலில் நீலகிரியில் நோட்டாவுக்கு விழுந்தது 46,559 ஓட்டு, நாட்டிலேயே அதிகம். அதற்கு மனு தள்ளுபடிதான் காரணம் என்றும், இல்லை மலை மக்களின் பொதுக் கோபம் என்றும் இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘உள்ளடி’ என்று எழுதிவிட்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே பேசும்போது உள்ளடி, எழுதும்போது ‘படிவம் சேரவில்லை’.

ஜெர்ரிமாண்டரை நம் தொகுதிக்கு மாட்டிவிடும் ஆசையும் சிலருக்கு உண்டு. ஊட்டி, குன்னூர், கூடலூரோடு மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் என்று நாலு மாவட்டத்துக்குப் பரவிக் கிடக்கும் தொகுதி, வரைபடத்தில் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் வரைந்தது ஆளும் கட்சியில்லை, மறுவரையறை ஆணையம். மலையில் மட்டும் ஒரு எம்.பி.க்கு ஆள் தொகை போதாது. கோணலாக இருப்பதெல்லாம் ஜெர்ரி வேலை ஆகாது. ‘குதிரை பேரம்’, ‘கட்சித் தாவல்’ என்ற ஜோடியில் சொல்ல அதிகமில்லை. காசு கைமாறியதாகப் புகார் இருந்தால் முன்னது, இல்லையென்றால் பின்னது.

‘கருத்துத் திணிப்பு’ என்ற நல்ல சொல்லை நம் தலைவர்கள் வீணடித்துவிட்டார்கள். தங்களுக்குப் பிடிக்காத கருத்துக் கணிப்பையெல்லாம் “கணிப்பு இல்லை, திணிப்பு” என்று மேடையில் சொல்லிச் சொல்லி அது வெறும் எதுகையாகிவிட்டது. கேள்வி கேட்கிற சாக்கில் அவதூறு பரப்பும் தந்திரம் ஒன்று உண்டு. 2000இல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில், அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஜான் மெக்கெயினைப் பற்றி அப்படி போன் வந்ததாகச் செய்திகள் வெளியாயின. “இன்னார் இப்படிச் செய்தது தெரிந்தால் அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா?” என்ற பாணி. ‘கருத்துத் திணிப்பு’ அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. மேடைக்காரர்களிடமிருந்து அதை மீட்டு இந்த வேலைக்குக் கொடுக்கவேண்டும்.

கடைசியாக அவதூறுத் துண்டறிக்கை. இந்தச் சாதியில் வெளிநாட்டுச் சரக்கு ஏராளம். 1844இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஜேம்ஸ் போல்க்குக்கு எதிராக ரூர்பேக் என்ற இல்லாத பயணியின் பெயரில் கதை கட்டினார்கள், அதிலிருந்து தேர்தல் புளுகுக்கே அங்கே அந்தப் பெயர் வந்தது. பிரிட்டனில் 1924இல் வாக்குப்பதிவுக்கு நாலு நாள் முன்பு சோவியத் தலைவர் ஒருவர் எழுதியதாகச் சொல்லி சினோவியேவ் கடிதம் என்ற போலிக் கடிதம் வெளியானது. 1972இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த எட்மண்ட் மஸ்கிக்கு எதிராக இன்னொரு போலிக் கடிதம். இத்தனைக்கும் பதிலாக நம்மிடம் ‘மொட்டை நோட்டீஸ்’ இருக்கிறது, மொட்டைக் கடுதாசியின் அச்சடித்த அண்ணன். விடிகாலையில் படகர் ஊரான ஹட்டி வாசலிலும் லயன் திண்ணையிலும் கிடக்கும், போட்டவர் யாரென்று தெரியாது. என்ன குறை என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது: தலையில் பெயர் இல்லை. சட்டத்தின் 127ஏ பிரிவு கேட்பதும் அதையேதான். தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. உள்ளே எழுதியிருப்பது பொய்யா நிஜமா என்ற கேள்விக்கே போகவேண்டாம். ‘வதந்தி’, ‘போலிச் செய்தி’ என்று எழுதினால் பொய் என்று நாம் நிரூபிக்கவேண்டும். ‘மொட்டை நோட்டீஸ்’ என்றால் தாளைப் புரட்டிக் காட்டினால் போதும்.

இப்போது அச்சகத்துக்கு யார் போகிறார்கள், எல்லாம் வாட்ஸ்அப்தான். வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி வரும் குரல் பதிவு யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்கு ‘மொட்டை ஃபார்வர்டு’ என்று எழுதி அனுப்பிப் பார்க்கப் போகிறேன். டெஸ்க்கில் வெட்டினால் ‘அனுப்பியவர் பெயர் இல்லாத வாட்ஸ்அப் பதிவு’ என்று விரித்து எழுத வேண்டியதுதான், ஒரு வரி கூடும்.